நாக்குக்குச் சாயம் ஏறாது

அவன் வாயால் சொல்ல வேண்டும். எந்த டிவி முன்னால் நின்று சொன்னானோ அதே டிவி முன்னால், எந்த டாக்டரம்மாவிடம் சொன்னானோ அதே டாக்டரம்மாவிடம், தான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகப் பதினோரு மாதம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் ஷேர் ஆட்டோ வந்து ரோட்டில் நிற்கும். ஏறி அருப்புக்கோட்டை போவோம். அங்கே சாயப்பட்டறையில் வேலை. என் வீட்டுக்காரர் தொட்டியில் நூலை முக்கிப் புரட்டுவார். நான் பிழிந்து உதறி மூங்கிலில் போடுவேன். இருபது வருடம். அந்த இருபது வருடத்தில் எங்கள் கை எங்கள் நிறத்தில் இருந்த நாள் குறைவு. தொட்டியில் என்ன ஓடுகிறதோ அதுதான் நகத்திலும் இருக்கும். பெரும்பாலும் நீலம். லுங்கிக்கு நீலம்தான் அதிகம் போகும். கல்யாண வீட்டுப் பந்தியில் எங்கள் கையைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் பச்சையா?" என்று கேட்பார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் உள்ளங்கை வெளுக்கும். நகம் வெளுக்காது.

டிவி டாக்டர் வந்தது பைபர் லைன் வந்த பிறகு. ரோட்டோரம் கரிசலை வெட்டி, கறுப்புக் குழாயைப் பதித்துக்கொண்டே வந்தார்கள். பட்டறை லீவு விட்ட நாளில் எங்கள் ஊர் ஆட்கள் குழி வெட்டப் போனார்கள். அவரும் போனார். சாயங்காலம் வந்து கால் மண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அந்தக் குழாய்க்குள்ள கண்ணாடி நூலு போகுதாம். நாம நூலுல சாயத்த ஏத்துறோம். இவன் நூலுல ஆளையே ஏத்துறான்."

"ஆளையா? எந்த ஆள?"

"மதுரை டாக்டர. அங்க இருந்துக்கிட்டு நம்ம ஊருல வந்து பேசுவாராம்."

"அப்ப ஊசி யாரு போடுவா?"

"அதையும் நூலுலயே அனுப்புவாக" என்று சிரித்தார்.

பஞ்சாயத்துக் கட்டிடத்தில் ஒரு ரூமைக் கேட்டு வாங்கி ஒரு டிரஸ்டைச் சேர்ந்தவர்கள் சாமான்களை வைத்தார்கள். பெரிய டிவி, அதன் தலையில் கேமரா, பிரஷர் பார்க்கும் மெஷின், விரலில் மாட்டும் கிளிப். அந்தக் கிளிப்பை மாட்டினால் ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று நம்பர் காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நல்லது. செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் டிவியில் வருவார். படம் நிற்காது, குரல் விட்டுவிட்டு வராது. டாக்டரம்மாவின் மூக்குத்திக் கல் மின்னுவதுகூடத் தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

ரூமைப் பார்த்துக்கொண்டவன் எங்கள் பின்தெருக்காரன். முப்பது வயது இருக்கும். மதுரையில் ஏதோ கோர்ஸ் படித்தவன். கிளிப் மாட்டுவது, பிரஷர் பார்ப்பது, எங்கள் பேச்சை டாக்டருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது எல்லாம் அவன்தான். என்னை அக்கா என்பான். என் வீட்டுக்காரரை மாமா என்பான். அவன் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியது நாங்கள்.

பொங்கல் கழிந்து என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தொட்டிப் பக்கம் நிற்க முடியவில்லை. வீட்டில் இருந்தார். நான் மட்டும் வேலைக்குப் போய் வந்தேன். ஒரு மாதம் அப்படியே போனது. கை சாயத் தண்ணீரில் படாததால் அவர் நகம் மெல்ல மெல்ல வெளுத்தது. கல்யாணமாகி நான் அவர் நகத்தை வெள்ளையாகப் பார்த்தது அப்போதுதான்.

"ஆபீசர் கை மாதிரி ஆயிருச்சே" என்றேன்.

"அப்ப என்னத் தொடாத. ஒங்கையில இருக்கிறது ஒட்டிக்கிரும்" என்றார்.

என் கையில் அப்போது சிவப்பு. கோயில் கொடைச் சேலைக்கு ஆர்டர் வந்து மூன்று வாரமாகப் பட்டறையில் சிவப்புத்தான் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மூச்சு ரொம்ப மோசமாகிவிட்டது. டிவி டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு தெரு தூரம்தான். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ரூமில் அவன் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். விரலில் கிளிப்பை மாட்டினான். எண்பத்திரண்டு காட்டியது.

டிவியில் இருந்த டாக்டரம்மா முகம் மாறியது. "எண்பத்திரண்டா? இன்னொரு தடவை பாருங்க" என்றார்.

அவன் வேறு விரலில் மாட்டினான். எண்பத்து மூன்று.

"சாயப்பட்டறை ஆளு மேடம். நகத்துல சாயம் இருக்கு. இவுகளுக்கெல்லாம் கிளிப்பு எப்பவும் கம்மியாத்தான் காட்டும்" என்றான்.

அது பொய்யில்லை. எனக்கே ஒரு தடவை எண்பத்தாறு காட்டியது. எனக்கு ஒன்றும் இல்லை.

"கையக் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் கேமரா முன்னால் தூக்கினார். முழங்கையை நான் பிடித்துக்கொண்டேன். நகம் நீலமாக இருந்தது.

டாக்டரம்மா என்னென்னவோ கேட்டார். அப்புறம் சளிக்கு மாத்திரை எழுதினார். செவ்வாய்க்கிழமை திரும்ப வரச் சொன்னார். ரோட்டில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவரை வீட்டில் விட்டுவிட்டு நான் ஓடினேன்.

திங்கட்கிழமை காலையில் 108 வந்தது. அருப்புக்கோட்டை போய்ச் சேருவதற்கு முன்னால் போய்விட்டார்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது என் நாத்தனார் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு வந்து அவர் நகத்தைத் தேய்த்தாள். அண்ணன் சாயத்தோடு போகக் கூடாது என்று அழுதுகொண்டே தேய்த்தாள். "போக மாட்டேங்குதே, போக மாட்டேங்குதே" என்றாள். நான் அவர் கையை அவளிடமிருந்து வாங்கி என் மடியில் வைத்தேன். என் கை சிவப்பு. அவர் கை நீலம். சாயத்தைத் தொட்டு ஒரு மாதம் ஆன கை. தொட்டியில் நீலம் ஓடி வாரக் கணக்கு ஆகிறது.

"தேய்க்காத. அது சாயமில்ல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

முப்பதாம் நாள் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை நான் அந்த ரூமுக்குப் போனேன். வாசல் பக்கம் ஒரு பெஞ்சு உண்டு. உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போன பிறகு அவன் கேட்டான்.

"ஒடம்புக்கு என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

"பெறகு?"

"அந்த டாக்டரம்மாகிட்ட நீ சொன்னது தப்புன்னு சொல்லணும்."

"எதச் சொல்றீகக்கா?"

"சாயம்னு சொன்னேயில்ல. அது."

அவன் கிளிப்பை எடுத்துத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். "அவுக மாறிட்டாகக்கா. இப்ப வேற டாக்டரு" என்றான்.

"வரட்டும். அதுவரைக்கும் இருக்கேன்."

பட்டறையில் செவ்வாயும் வெள்ளியும் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மற்ற நாள் தொட்டி. அந்த இரண்டு நாள் பெஞ்சு. நான் அவனை ஏசவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அவன் எங்கே திரும்பினாலும் நான் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். அவ்வளவுதான். தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்தினேன்.

கொஞ்ச நாளில் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். நான் உள்ளே வந்ததும், "இன்னைக்கு லைன் இல்ல, எல்லாரும் போயிட்டு அடுத்த வாட்டி வாங்க" என்பான். காய்ச்சலோடு வந்தவர்கள், புண்ணோடு வந்தவர்கள் எல்லாம் எழுந்து போவார்கள். நான் போன பிறகு போன் போட்டுத் திரும்பக் கூப்பிடுவான். மூன்று தடவை இப்படி நடந்தது.

ஒரு நாள் ரோட்டு வேலையில் ஜேசிபி குழாயை அறுத்துவிட்டது. லைன் உண்மையிலேயே போய்விட்டது. சரி பண்ண வந்த ஆள் சுவரில் மாட்டியிருந்த பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனிடம் கேட்டேன்.

"லைன் இருக்கா இல்லையான்னு எப்படிப்பா தெரியும்?"

"இந்தா, இந்த லைட்டுதான். பச்சையா எரிஞ்சா இருக்கு. செவப்பு எரிஞ்சா இல்ல. ஏம்மா, நீங்க ரிப்பேரு பாக்கப் போறீகளா?"

"தேவைப்பட்டா பாப்பேன்."

நிறம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அடுத்த செவ்வாய் ரூமில் எட்டுப் பேர். அவன் என்னைப் பார்த்தான். "லைன் இல்ல" என்றான்.

"பச்சை எரியுது" என்றேன்.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் வெற்றிலை போடும் பெரியவர் ஒருவர் உண்டு. எனக்கு மாமா முறை. அவர் கம்பை ஊன்றி எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார்.

"ஏப்பா, பச்சைதான எரியுது? டாக்டர உள்ள வச்சுப் பூட்டிட்டா இல்லேங்குற?"

ஊர் சிரித்தது. அவன் கழுத்து வேர்த்தது. டிவியைப் போட்டான். அதற்குப் பிறகு அவன் லைன் விஷயத்தில் யாரிடமும் பொய் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகள்கூடச் சுவரைப் பார்த்தன.

அப்போது வந்துகொண்டிருந்தது ஒரு ஆண் டாக்டர். வேகமாகப் பேசுவார். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பட்டறை ஆள் ஒருவர் இருமலோடு வந்தார். நீல நகம். கிளிப் எண்பத்தெட்டு காட்டியது. அவன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"என்ன கம்மியா இருக்கு?" என்றார் டாக்டர்.

"நகத்துல... தெரியல சார்" என்றான்.

டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நாக்க நீட்டச் சொல்லுங்க. லைட்டுப் பக்கம் திருப்புங்க. ம், நல்ல ரோஸா இருக்கு. நகத்துல இருக்கிறது சாயம்தான். ரத்தத்துல காத்து கொறஞ்சா நாக்கும் நீலமாயிரும். அப்படி இருந்திருந்தா இந்நேரம் ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லிருப்பேன். அடுத்த ஆளு" என்றார்.

முடிந்துவிட்டது. எச்சில் விழுங்குகிற நேரம்.

நாக்கு. என் வீட்டுக்காரருக்கும் நாக்கு இருந்தது. நீட்டு என்றால் நீட்டியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

அதுவரை எனக்கு இருந்தது துக்கம் மாதிரி ஒன்று. அன்றைக்குத்தான் அது இறுகியது. நான் பெஞ்சை விட்டு எழுந்து வாசலில் நின்றேன். வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தினேன்.

"உள்ள போனதும் மொதல்ல நாக்க நீட்டுங்க."

"எதுக்கு?"

"நாக்குக்குச் சாயம் ஏறாது."

கொப்பளிக்க ஒரு வாளியில் தண்ணீரும் செம்பும் கொண்டுவந்து வைத்தேன். வெற்றிலைப் பெரியவர்தான் முதலில் மாட்டினார்.

"எனக்கு மூட்டு வலி தாயி. முட்டியப் பாப்பாரா நாக்கப் பாப்பாரா?"

"ரெண்டையும் பாக்கட்டும் மாமா. கொப்பளிச்சிட்டுப் போங்க."

"கல்யாண வீட்டுலதான் கையக் கழுவச் சொல்வாக. இங்க வாயையே கழுவச் சொல்றா" என்று முனகிக்கொண்டே கொப்பளித்தார். ஐந்து தடவை கொப்பளித்தும் நாக்கு சிவப்பாகத்தான் இருந்தது. உள்ளே போய் டிவி முன்னால் நின்று முழு நாக்கையும் தொங்கவிட்டார். டாக்டர் பின்னால் சாய்ந்துவிட்டார்.

"என்னங்க ஐயா இது?"

"வெத்தல, சார். வாசல்ல ஒரு அம்மா நிக்குது. நீட்டாம விடாது."

ஊரில் பேச்சாகிவிட்டது. "வெள்ளிக்கிழமை ஆனா ஊரே காளியாத்தாவா நிக்குது" என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, அரசாங்கக் கட்டிடத்துல ஒனக்கு என்ன வேலை?" என்றார். "நாக்குப் பாக்குறேன்" என்றேன். சிலர் நான் ஊருக்கு நல்லது செய்கிறேன் என்றார்கள். அப்படி யாரும் நினைக்க வேண்டாம். நான் ஊருக்காகச் செய்யவில்லை. அவன் ஒரு நாளைக்கு இருபது நாக்கு பார்த்தான். ஒவ்வொரு நாக்கும் அவன் கன்னத்தில் விழுகிற அறை என்று எண்ணிக்கொண்டு நின்றேன். அறை விழுந்ததா என்று அவன் முகத்தைப் பார்ப்பேன். விழுந்தது.

அவன் மெலிந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்தது. குழாயடியில் அவன் பெண்டாட்டி என் குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, போதும்க்கா. அவுக சோறு திங்க மாட்டேங்குறாக."

"எங்க வீட்டுல திங்கவே ஆளில்ல" என்றேன்.

அவள் குடத்தை விட்டுவிட்டாள். எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

மறுபடி பொங்கல் வந்து போனது. மாசி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை டிவியைப் போட்டதும் மூக்குத்தி மின்னியது.

அதே டாக்டரம்மா. கொஞ்சம் குண்டாகியிருந்தார். "வணக்கம், எப்படி இருக்கீங்க எல்லாரும்? லீவுல இருந்தேன், பாப்பா பொறந்திருக்கு" என்றார்.

நான் வாசலை விட்டு உள்ளே வந்தேன். அவன் கை டிவிக்குப் பின்னால் போனது. பெட்டியிலிருந்து வரும் ஒயரை விரல் பிடித்தது. இழுத்தால் போதும். நான் சுவரைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். பச்சை எரிந்தது. ரூமில் இருந்த எல்லாரும் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கையை எடுத்தான்.

"சொல்லு" என்றேன்.

"வந்தவுகளப் பாத்துட்டுச் சொல்றேனே அக்கா."

"சொல்லு. அவுக இருப்பாக."

வெற்றிலைப் பெரியவர் பின்னாலிருந்து, "நாங்க இருக்கோம்பா. பதினோரு மாசம் இருந்துட்டோம்" என்றார்.

அவன் கேமராவுக்கு முன்னால் போய் நின்றான். நாற்காலியில் உட்காரவில்லை. "மேடம், போன வருஷம் ஒரு பேஷண்ட்டு. எண்பத்திரண்டு காமிச்சது. நகத்துல சாயம்னு நான் சொன்னேன். அது சாயமில்ல மேடம். நான் பாக்காமச் சொல்லிட்டேன். அவரு எறந்துட்டாரு. இவுக அவரு வீட்டுக்காரம்மா."

சொல்லிவிட்டான். அவன் வாயால், அந்த டிவி முன்னால். நான் கேட்டது அப்படியே கிடைத்தது.

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீட்டு நம்பர் இருக்கா?" என்றார். அன்றைக்கு மருந்து எழுதித் தந்த சீட்டை, முந்தியில் முடிந்து வைத்திருந்ததை நான் எடுத்து அவனிடம் கொடுத்தேன். பதினோரு மாதமும் அது என் முந்தியில்தான் இருந்தது. அவன் நம்பரைப் படித்தான். டாக்டரம்மா வேறு பக்கம் திரும்பி எதையோ தட்டினார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் மெல்லப் படித்தார்.

"விரல் கருவியில் எண்பத்திரண்டு. நகத்தில் சாயம் இருப்பதாக உதவியாளர் சொன்னார். சாயம்தானா என்று கேட்டதற்கு மனைவியும் ஆமாம் என்றார்."

ரூமில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

இதை நான் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அவர் கையைத் தூக்கிக் காட்டியபோது, நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, டாக்டரம்மா என்னைக் கேட்டார். "சாயந்தானாம்மா?" என்று கேட்டார். நான் "ஆமா" என்றேன். வெள்ளையாகிவிட்ட நகத்தைப் பார்த்து, ஆபீசர் கை என்று கேலி பேசிய நான், ஆமா என்றேன். ரோட்டில் ஹாரன் கேட்டது. இருபது வருடப் பழக்கம் வாயில் வந்தது. அப்புறம், சாயமாக இருந்தால் தேவலை என்றும் இருந்தது. சாயம் என்றால் பயமில்லை.

நான் அவன் பக்கம் திரும்பினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது தெரியும். அவன் பக்கத்தில் நிற்கும்போதுதான் நான் சொன்னேன். பதினோரு மாதத்தில் எந்த நாள் வேண்டுமானாலும், தலைவர் முன்னால், ஊர் முன்னால், "நீங்களுந்தான சொன்னீக" என்று கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தையில் என்னை அந்தப் பெஞ்சிலிருந்து எழுப்பியிருக்கலாம்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க மறந்துட்டீகன்னு நெனச்சேன்க்கா."

"மறக்கல."

அதற்காக அவன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம் கூடியது. என்மேல் விழ வேண்டியதையும் சேர்த்துச் சுமந்து அவன் நல்லவனாகப் பார்த்திருக்கிறான். அவன் சுமக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என் பங்கு என்னிடம் இருக்கட்டும். அவன் பங்குக்கு மட்டும் அவன் பதில் சொல்லட்டும்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நாக்கப் பாக்கச் சொல்லிருக்கணும். நான் சொல்லல. என்ன மன்னிச்சிருங்கம்மா" என்றார். அழுதாரா என்று தெரியவில்லை. படம் தெளிவாகத்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்து அடுத்த ஆளிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் டிரஸ்டிலிருந்து ஒரு அதிகாரி காரில் வந்தார். டாக்டரம்மா மேலே எழுதியிருக்கிறார். வெள்ளைத்தாளும் பேனாவும் என் முன்னால் வைத்தார்.

"நீங்க ஒரு கம்ப்ளைன்ட் எழுதிக் கொடுங்கம்மா. அந்த ஆள இங்க இருந்து எடுத்துடறோம்."

"எடுத்து என்ன செய்வீங்க?"

"வேற சென்டருக்கு மாத்திடுவோம். ராமநாதபுரம் பக்கம் ஆள் தேவைப்படுது."

நான் தாளைப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் அவன் நின்றிருந்தான். அவன்தான் முதலில் பேசினான்.

"எழுதிக் குடுத்துருங்கக்கா."

"என்னது?"

"நானே கேக்கேன். எழுதிக் குடுங்க. என்னால அந்த ரூம்ல இருக்க முடியல. ராத்திரி பகலா நாக்குத்தான் கண்ணுல தெரியுது. நானாக் கேட்டா மாத்தித் தர மாட்டாக. நீங்க எழுதுனா ஒடனே விட்டுருவாக."

கையெடுத்துக் கும்பிட்டான். அவன் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. விடிந்தால் பஸ் ஏறிவிடலாம் என்கிற ஆசை. அங்கே வேறு ஊர். வேறு டிவி. யாருக்கும் அவனைத் தெரியாது. அங்கேயும் சாயப்பட்டறையோ, விறகை எரித்துக் கரி எடுக்கும் கரிமூட்டமோ ஏதாவது இருக்கும். நம்பர் குறைவாகக் காட்டும். எதிரே பெஞ்சில் யாரும் இருக்க மாட்டார்கள்.

உள்ளே போய் வெள்ளைத்தாளை வெள்ளையாகவே அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"எழுதலையாம்மா?"

"இல்ல சார். அவன மாத்தாதீங்க. யார் வந்து கேட்டாலும் மாத்தாதீங்க."

"மன்னிச்சுட்டீங்களா?" என்று அதிகாரி கேட்டார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இல்ல சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கதவுக்கு வெளியே நின்றவனுக்குப் புரிந்தது. அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். இப்போது நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. யார் வந்தாலும் அவனே சொல்கிறான். "மொதல்ல நாக்கக் காட்டுங்க" என்கிறான். டார்ச் வைத்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் கிளிப்பை எடுக்கிறான். டாக்டரிடம் சொல்லும்போது, "நாக்கு ரோஸ், உதடு ரோஸ்" என்று அதை முதலில் சொல்கிறான். பெஞ்சில் நான் இருக்கிறேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறான். இருக்கிறேன்.

போன செவ்வாய் எனக்கே இருமல். மூன்று நாளாக விடவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் உட்கார்ந்த நாற்காலி. அவன் எதிரே வந்து நின்றான். பட்டறையில் இந்த வாரம் நீலம் ஓடுகிறது. என் பத்து நகமும் நீலம். கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் நகத்தையே பார்த்தான். சாயம் என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"நாக்கக் காட்டுங்கக்கா" என்றான்.

நீட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தான். டிவியில் இருந்த டாக்டரும் பார்த்தார். "நல்லா இருக்கு, போதும்மா, உள்ள இழுத்துக்கங்க" என்றார்.

நான் இழுக்கவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தேன்.